மூன்று வரிக்குள் ஓர் இயக்குநர்: இணைய வாழ்க்கைக் குறிப்பில் சரியும் நியாயமும்

பாரிசின் லாச்சப்பலைச் சுற்றி வாழ்ந்துகொண்டு படம் எடுக்கிற ஒரு தமிழரைப் பற்றி இணையத்தில் தேடினால் பெரும்பாலும் மூன்று வரிதான் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்தார். போரினால் புலம்பெயர்ந்தார். இப்போது பாரிசில் வசிக்கிறார். அதன் கீழே இரண்டு மூன்று படங்களின் பெயர் இருக்கும். அந்த மூன்று வரியும் ஏதோ ஒரு திரைப்பட விழாவின் கையேட்டில் வந்தவையாக இருக்கும். எழுதியவர் அநேகமாக அந்த இயக்குநரே, இல்லையென்றால் அவருடைய தயாரிப்பாளர். கையேட்டிலிருந்து ஒரு செய்தித்தளம் எடுக்கும். செய்தித்தளத்தைச் சான்றாகக் காட்டி விக்கிப்பீடியாவில் ஒருவர் எழுதுவார். விக்கிப்பீடியாவிலிருந்து கூகுளின் பக்கப்பெட்டிக்குப் போகும். அடுத்த விழாக்காரர் கையேடு தயாரிக்கும்போது கூகுளைப் பார்த்து எழுதுவார். ஒரே ஆள் சொன்ன ஒரே தகவல் ஐந்து இடத்தில் நின்று ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்.

இங்கே தமிழ்ப் படம் பார்க்கிற பழக்கம் இறுவட்டுக் கடைகளில் வளர்ந்தது. போபூர் சான் தெனியிலும் ரு கையிலும் பலசரக்குக் கடையோடு கடையாகப் படங்களும் விற்றன. யார் எடுத்தது, எந்த ஊர்க்காரர், அதற்கு முன் என்ன செய்தார் என்பதெல்லாம் கடைக்காரர் வாயால் தெரிந்தன. அந்தக் கடைகள் குறைந்துவிட்டன. கடைக்காரர் சொன்னதில் பிழை இருந்தால் அது அந்தத் தெருவோடு போயிற்று. இணையத்தில் இருக்கும் பிழை எல்லையிலும் வேலைக்கான நேர்முகத்திலும் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் கூடவே வருகிறது. ஆகவே ஓர் இயக்குநரின் வாழ்க்கைக் குறிப்பில் எது சரி, எது நியாயம் என்ற கேள்வியை விக்கிப்பீடியாப் பதிவர்களின் உள்வீட்டுத் தகராறு என்று ஒதுக்கிவிட முடியாது.

பிறந்த ஆண்டு

எளிதாகத் தோன்றும் ஒன்றிலிருந்து தொடங்கலாம். பாலு மகேந்திரா மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர். முழுப்பெயர் பாலநாதன் பெஞ்சமின் மகேந்திரன். 2014 பெப்ரவரி 13 அன்று சென்னையில் காலமானார். லாச்சப்பலில் அவரை "எங்கட ஆள்" என்றுதான் சொல்வார்கள். பிறந்த நாள் மே 20. ஆண்டு மட்டும் சில குறிப்புகளில் 1939 என்றும் சிலவற்றில் 1946 என்றும் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு வருட வித்தியாசம்.

எது பொருந்துகிறது என்று பார்க்க அவருடைய வாழ்க்கையிலேயே வழி இருக்கிறது. டேவிட் லீன் 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தை இலங்கையில் எடுத்துக்கொண்டிருந்தபோது, பள்ளிச் சுற்றுலா போன இடத்தில் அந்தப் படப்பிடிப்பைப் பார்த்ததே தன்னைச் சினிமாப் பக்கம் திருப்பியது என்று அவர் சொல்லியிருக்கிறார். படம் வெளிவந்தது 1957இல். 1939இல் பிறந்தவர் என்றால் அப்போது அவருக்குப் பதினேழு வயதளவு. 1946 என்றால் பத்து வயதுப் பொடியன். பூனா திரைப்படக் கல்லூரியில் 1969இல் ஒளிப்பதிவு முடித்து வெளியே வந்தார். அங்கே போவதற்கு முன்னரே கொழும்பில் வேலை பார்த்திருந்தார், இலக்கியப் பத்திரிகை ஒன்றிலும் ஈடுபட்டிருந்தார். இதையெல்லாம் இருபது வயதுக்குள் திணிப்பது கஷ்டம். 1939தான் பொருந்துகிறது.

ஆனால் இந்தக் கணக்கைப் போட்டவர் அதை வைத்து விக்கிப்பீடியாவில் ஆண்டைத் திருத்தலாமா? அங்கே கூடாது. "சொந்த ஆய்வு வேண்டாம்" என்பது அதன் விதி. பத்திரிகைக் கட்டுரை எழுதுகிறவர் செய்யலாம், கணக்கையும் வாசகருக்குக் காட்டினால். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. டேவிட் லீன் கதைக்கு நாம் அறிய ஒரே சாட்சி பாலு மகேந்திராதான். பார்த்தார் என்று எழுதுவது தவறு. பார்த்ததாகச் சொன்னார் என்று எழுதுவது சரி. இயக்குநர்கள் கதை சொல்லிப் பழகியவர்கள், தங்கள் கதையையும் நன்றாகவே சொல்வார்கள்.

வயதை வெளியிடுவதே அநியாயம் என்று வழக்குப் போட்டவர்களும் உண்டு. தன் உண்மையான வயதை ஐஎம்டிபி தளம் போட்டதால் வேலை போகிறது என்று ஒரு நடிகை அமெரிக்காவில் வழக்காடி 2013இல் தோற்றார். கலிபோர்னியா மாநிலம் அதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2018இல் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. பொதுவாழ்க்கைக்கு வந்தவரின் வயது பொதுத் தகவல் என்பதுதான் அங்கே நின்ற முடிவு.

லாச்சப்பலில் இது வேறு மாதிரி. இங்கே வந்த பலருக்குப் பிறந்த தேதி இரண்டு உண்டு என்பது யாருக்கும் புதுச் செய்தி அல்ல. தாய் சொன்ன தேதி ஒன்று, பயண முகவர் கொடுத்த கடவுச்சீட்டில் இருந்த தேதி ஒன்று. அகதி மனுவில் எது ஏறியதோ அதுவே பிரெஞ்சு அரசுக்கு உண்மை. இப்படிப்பட்ட ஒருவரின் "உண்மையான" பிறந்த தேதியை நண்பர் ஒருவர் அன்போடு முகநூலில் வாழ்த்தாகப் போட, இன்னொருவர் அதைச் சான்றாக எடுத்து எழுதினால், தகவல் சரியாகவே இருக்கலாம், ஆளுக்குத் தலையிடி வரும். உயிரோடு இருப்பவர்களின் முழுப் பிறந்த தேதியில் தயக்கம் இருந்தால் ஆண்டை மட்டும் போடும்படி விக்கிப்பீடியாவின் நெறியே சொல்கிறது. ஓர் இயக்குநரைப் புரிந்துகொள்ள எந்த வருடத்துப் பிள்ளை என்பது போதும். இலங்கையில் எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தின்போது அவருக்கு ஐந்து வயதா இருபது வயதா என்று தெரிந்தால் சரி. கிழமையும் நட்சத்திரமும் சாத்திரிக்கு.

கானுக்குப் போனவர்களும் போகாதவர்களும்

பிரான்சில் இருப்பதால் நம்மவர் குறிப்புகளில் அடிக்கடி தட்டுப்படும் சொல் கான். "கான் திரைப்பட விழாவுக்குத் தேர்வானது" என்ற ஒரு வரிக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது போட்டிப் பிரிவு. ஜாக் ஓடியார் இயக்கிய 'தீபன்' 2015 மே மாதம் தங்கப்பனை வாங்கியது அங்கேதான். பெரும்பகுதி தமிழில் பேசப்படும் படம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் ஓடியார் தமிழர் அல்லர், தமிழ் அறிந்தவரும் அல்லர். இரண்டாவது, விழாவோடு ஒட்டி நடந்தாலும் தனி நிர்வாகம் கொண்ட பிரிவுகள். இயக்குநர்களின் சங்கம் 1969இல் தொடங்கிய 'இயக்குநர்களின் பதினைந்து நாட்கள்' அவற்றில் ஒன்று. பாரிசில் வாழும் பிரதீபன் ரவீந்திரனின் குறும்படம் 'ஷேடோஸ் ஆஃப் சைலன்ஸ்' 2010இல் அங்கே காட்டப்பட்டது. இதுவும் கடுமையான தெரிவைத் தாண்டி வந்த மரியாதை. குறிப்பு எழுதுகிறவர் பிரிவின் பெயரைச் சேர்த்து எழுதினால் போதும், மரியாதை குறையாது. மூன்றாவதுதான் சிக்கல். கான் படச்சந்தையில் 2004 முதல் 'குறும்பட மூலை' என்று ஒன்று இருந்தது. அங்கே நெடுங்காலம் கட்டணம் கட்டிப் பதிவு செய்த குறும்படங்கள் ஒரு மின்னூலகத்தில் வைக்கப்பட்டன. வாங்குபவர் யாராவது வந்து கணினியில் பார்க்கலாம். நடுவர் இல்லை, பரிசு இல்லை, திரையிடல் என்று சொல்லும்படியாகவும் ஒன்றும் இல்லை. அங்கே படம் வைத்த ஆயிரக்கணக்கானவர்களில் தமிழ்நாட்டுக்காரரும் ஈழத்தவரும் உண்டு. பிறகு ஊர்ப் பத்திரிகையில் "கானில் நம்மவர் படம்" என்று வரும். பத்திரிகையில் வந்ததால் அது சான்றாகிவிடும்.

பொய் சொன்னார் என்று அங்கே படம் வைத்த இளைஞரைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. வேலை முடித்து இரவில் படத்தொகுப்புச் செய்து, சேர்த்த காசில் கட்டணம் கட்டிய ஒருவருக்குக் கானின் அடையாள அட்டை பெரிய விஷயம். ஆனால் வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர் அந்தச் சந்தோஷத்தில் பங்கெடுக்கக்கூடாது. படச்சந்தையில் பதிவு என்று எழுத வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். ஏனென்றால் இதில் பாதிக்கப்படுகிறவர் இன்னொருவர்: உண்மையிலேயே தேர்வாகிப் போனவர். அவருடைய வரியும் இவருடைய வரியும் ஒரே மாதிரி இருந்தால் வாசகர் இரண்டையும் நம்பமாட்டார். அதேபோல "முதல்" என்ற சொல். ஐரோப்பாவின் முதல் தமிழ்ப்படம், புலத்தின் முதல் முழுநீளப்படம் என்று எத்தனையோ முதல்கள். தமிழின் முதல் மௌனப்படமான நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' வந்த ஆண்டே 1916, 1917, 1918 என்று மூன்று விதமாகச் சொல்லப்படுகிறது. படச்சுருளும் எஞ்சவில்லை. தாய்வீட்டில் நிலைமை இது என்றால், முகவரியே மாறி மாறி வாழ்ந்த நாம் "முதல்" என்ற சொல்லைச் சற்றுப் பூட்டி வைப்பது நல்லது.

முத்திரைகள்

ஆண்டுப் பிழையும் விருதுப் பிழையும் மரியாதை சம்பந்தப்பட்டவை. முத்திரைப் பிழை ஆளையே மாற்றிவிடும்.

'தீபன்' படத்தின் நாயகன் போர் முடிந்த காலத்தில் போலிக் குடும்பத்தோடு தப்பி வரும் முன்னாள் புலி. அதில் நடித்த அந்தோனிதாசன் யேசுதாசன், தமிழ் வாசகருக்கு ஷோபாசக்தி, அல்லைப்பிட்டியில் 1967இல் பிறந்தவர். சிறுவயதில் இயக்கத்தில் சேர்ந்தார், போர் முடிய நெடுங்காலம் முன்பே விலகினார், 1993இல் பிரான்சுக்கு வந்தார். 'கொரில்லா' நாவல் 2001இல் வெளிவந்தது. புலிகளைக் கடுமையாக விமர்சித்து எழுதியவர். 2015இல் உலகப் பத்திரிகைகள் பல அவரை "முன்னாள் குழந்தைப் போராளி" என்ற மூன்று சொல்லில் முடித்தன. பொய் அல்ல. ஆனால் எழுத்தாளராக அவர் வாழ்ந்த வருடங்கள் போராளியாக வாழ்ந்த வருடங்களைவிடப் பல மடங்கு. பாத்திரத்தின் கதையும் நடிகரின் கதையும் கலந்து போனதால், அவரை 2009இல் தப்பி வந்தவராக நினைத்தவர்களும் உண்டு. நாயகியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடகக்காரர், அகதி அல்லர். பெயரை எந்த ஒழுங்கில் எழுதுவது என்பதிலும் குழப்பம்தான். யேசுதாசன் அந்தோனிதாசன் என்றும் அந்தோனிதாசன் யேசுதாசன் என்றும் இரண்டு விதமாகவும் அச்சாகியிருக்கிறது.

இன்னும் தெளிவான உதாரணம் பாடகி மாயா அருள்பிரகாசம். இலண்டனில் திரைப்படம் படித்தவர், தன் காணொளிகள் சிலவற்றைத் தானே இயக்கியவர். அவருடைய தகப்பன் அருளரைத் தமிழ்ப்புலி என்று மேற்கத்தியப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதின. அருளர் புலிகளிலிருந்து வேறான ஈரோஸ் அமைப்பின் தொடக்கக் காலத்தவர். நியூயோர்க்கில் இருக்கும் ஓர் ஆசிரியருக்கு அது சில எழுத்துகளின் வித்தியாசம். இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட காலத்தை அறிந்த நமக்கு அது எவ்வளவு பெரிய பிழை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இப்படியான பிழை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் துருக்கிய வரலாற்றாசிரியர் தானர் அக்சாம் அனுபவித்தார். 2007 பெப்ரவரியில் மொன்றியல் விமான நிலையத்தில் அவரை மணிக்கணக்காக நிறுத்தி வைத்தார்கள். ஏன் என்று கேட்டபோது அதிகாரி காட்டியது அவருடைய விக்கிப்பீடியாப் பக்கத்தின் அச்சுப்படி. ஆர்மீனிய இன அழிப்பைப் பற்றி அவர் எழுதியது பிடிக்காத யாரோ அதில் அவரைப் பயங்கரவாதி என்று மாற்றியிருந்தார்கள். இலங்கையில் 1979இன் பயங்கரவாதத் தடைச்சட்டம் நம் தலைமுறை முழுக்கத் தொடர்ந்த ஒன்று. ஊரில் அண்ணனோ தங்கையோ இருக்கும் ஓர் இயக்குநரின் குறிப்பில் இயக்கப் பெயரைப் போடும்போது, அவரே வெளிப்படையாகப் பேசியிருந்தால் அவர் சொன்ன அளவுக்கு எழுதலாம். அவர் பேசாததை "எல்லாருக்கும் தெரியும்" என்று எழுதுவது சரியான தகவலாக இருந்தாலும் அநியாயம். ஊரின் பெயர், பள்ளிக்கூடம், உடன்பிறந்தார் பெயர் எல்லாவற்றையும் வரிசையாகப் போடுவதும் அப்படித்தான்.

நாட்டு அடையாளம் பற்றிய சண்டை தனி. முதல் வரியில் பிரெஞ்சு இயக்குநர் என்பதா, இலங்கை இயக்குநர் என்பதா, தமிழ் இயக்குநர் என்பதா? இதற்காக மாதக்கணக்கில் மாற்றி மாற்றித் திருத்துகிறவர்கள் உண்டு. நான் நினைக்கிறேன், படத்தின் மொழியையும் வாழும் ஊரையும் எழுதிவிட்டால் மற்றதை வாசகர் தானே விளங்கிக்கொள்வார். தர்மசேன பத்திராஜ சிங்களவர். யாழ்ப்பாணத்தில் கற்பித்தவர், 'பொன்மணி'யைத் தமிழில் எடுத்தவர். அவரை எந்தப் பெட்டியில் போடுவது?

குற்றம், வதந்தி, அளவு

இந்தக் கேள்வி முழுவதிலும் மிகக் கடினமான இடம் இதுதான். ஆகவே கடினமான ஆளையே எடுக்கிறேன். ரோமன் போலன்ஸ்கி 1933இல் இதே பாரிசில் பிறந்தவர். 1977இல் கலிபோர்னியாவில் பதின்மூன்று வயதுச் சிறுமி சம்பந்தப்பட்ட வழக்கில் கைதாகி, சட்டவிரோத உறவுக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை அறிவிக்கப்படுமுன் 1978இல் தப்பி பிரான்சுக்கு வந்தார். 2020இல் அவருக்குச் சிறந்த இயக்குநருக்கான செசார் விருது அறிவிக்கப்பட்டபோது அரங்கிலிருந்து சிலர் எழுந்து வெளியேறினார்கள். இதை ஓரத்தில் தள்ளி எழுதும் குறிப்பு நேர்மையற்றது. குற்றத்தை ஒப்புக்கொண்டது நீதிமன்றப் பதிவு.

இதே ஆள் 2005இல் இலண்டனில் ஓர் அவதூறு வழக்கை வென்றார். கொலை செய்யப்பட்ட தன் மனைவி ஷரன் டேட்டின் இறுதிச்சடங்குக்குப் போகும் வழியில் நியூயோர்க் உணவகம் ஒன்றில் இன்னொரு பெண்ணை மயக்க முயன்றார் என்று 'வானிட்டி ஃபேர்' இதழ் 2002இல் எழுதியிருந்தது. இங்கிலாந்துக்குப் போனால் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்படலாம் என்பதால் பாரிசில் இருந்தபடியே காணொளி வழியாகச் சாட்சி சொன்னார். அதற்கு அனுமதி தரலாமா என்பதே பிரபுக்கள் சபை வரை போனது. தேதி பொருந்தவில்லை, இறுதிச்சடங்குக்குப் போகும் வழியில் அது நடக்கவில்லை என்று இதழே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. யூரிகள் அவருக்கு 50,000 பவுண் வழங்கினார்கள். இந்த ஆளுக்குப் போய் நட்டஈடா என்று கொதித்தவர்கள் உண்டு. என் கருத்தில் தீர்ப்பு சரி. ஒரு குற்றம் செய்தவர்மீது செய்யாத இன்னொன்றைச் சுமத்தும் உரிமை எழுதுகிறவருக்கு இல்லை. அப்படிச் செய்தால் உண்மையான குற்றத்தின் பதிவும் சேர்ந்து பலவீனப்படும்.

போலன்ஸ்கியின் குறிப்பு நீளமானது. எவ்வளவு சேர்த்தாலும் படங்களுக்கும் இடம் இருக்கும். ஐந்து வரிக் குறிப்புள்ள ஒரு சிறிய இயக்குநரின் கதி வேறு. ஒரு பொலிஸ் முறைப்பாடு வந்தால் அது மூன்று வரியைப் பிடித்துவிடும், ஆளே அந்த முறைப்பாடாகிவிடுவார். 2018க்குப் பிறகு தமிழ்ச் சினிமாவில் வெளிவந்த பாலியல் புகார்களில் இரண்டு விதமான அநியாயத்தையும் பார்த்தோம். ஒரு பக்கம், புகாரும் முதல் தகவல் அறிக்கையும் குற்றப்பத்திரிகையும் தீர்ப்பும் ஒன்றே என்பதுபோல எழுதினார்கள். மறுபக்கம், ரசிகர்கள் வந்து புகார் இருந்த தடயத்தையே துடைத்துவிட்டுப் போனார்கள். இரண்டாவதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். புகார் கொடுத்த பெண்ணின் தரப்பும் அந்த வாழ்க்கையின் பகுதிதான். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத் தேதியோடு எழுதி, வழக்கு முடிந்தால் அதே இடத்தில் அதே அளவில் முடிவையும் எழுதுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மீண்டும் பாலு மகேந்திராவிடம் வரவேண்டும், ஏனென்றால் நடிகை ஷோபாவைச் சொல்லாமல் அவர் கதை முடியாது. 'பசி' படத்துக்குத் தேசிய விருது பெற்ற ஷோபா 1980 மே 1 அன்று இறந்தார். பதினேழு வயது. தற்கொலை என்று பதிவாயிற்று. அன்றிலிருந்து இன்றுவரை ஊகங்களுக்குக் குறைவில்லை. மலையாளத்தில் கே. ஜி. ஜோர்ஜ் 1983இல் எடுத்த 'லேகயுடெ மரணம் ஒரு ஃப்ளாஷ்பேக்' ஷோபாவின் கதைதான் என்று பேசப்பட்டது. பிறகு அந்தப் படத்தின் காட்சிகளே நடந்த சம்பவங்கள்போலச் சில குறிப்புகளில் நுழைந்தன. கற்பனை சாட்சியாக மாறிய விந்தை. ஒரு தரப்பு ஷோபாவின் மரணத்தை வைத்துப் பாலு மகேந்திராவைக் குற்றவாளியாக்குகிறது. இன்னொரு தரப்பு "சொந்த வாழ்க்கை" என்ற தலைப்பின் கீழ் ஒரே வரியில் ஷோபாவைக் கடந்து போகிறது. நிறுவப்படாத குற்றத்தை எழுதக்கூடாது, சரி. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணுக்கும் நாற்பது வயதான, மணமான இயக்குநருக்கும் இருந்த உறவைக் காவியக் காதலாக எழுதுவதும் நடுநிலை ஆகாது. 1939 என்ற ஆண்டு இங்கே வந்து எவ்வளவு முக்கியமாகிவிடுகிறது பாருங்கள். ஷோபாவுக்கென்று தனியாக, அவருடைய படங்களிலிருந்து தொடங்கும் குறிப்பு இருக்க வேண்டும்.

சட்டம் எவ்வளவு தூரம் உதவும்

பிரான்சில் அவதூறு இன்னும் 1881 ஜூலை 29 சட்டத்தின் கீழ்தான். முதன்முதல் வெளியான நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தன் பக்கத்தில் யாரோ எழுதிய பொய்யை இயக்குநர் கண்டுபிடிக்கிறபோது அநேகமாகக் காலம் கடந்திருக்கும். 2004ஆம் ஆண்டுச் சட்டம் இணையத்திலும் மறுமொழி உரிமை தருகிறது. 2014 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் கூகுள் வழக்கில் கொடுத்த தீர்ப்பால், பழைய, பொருத்தமற்ற தேடல் முடிவுகளை நீக்கக் கேட்கலாம். பொதுவாழ்வில் இருப்பவருக்கு அது எளிதில் கிடைக்காது.

இவற்றைவிட எழுதுகிறவருக்குப் பயன்படுவது பாரிஸ் நீதிமன்றங்கள் "நல்லெண்ணம்" என்ற எதிர்வாதத்தை நிறுக்க வைத்திருக்கும் நான்கு அளவைகள். எழுதியதற்கு நியாயமான நோக்கம் இருந்ததா, சொந்தப் பகை இல்லாமல் இருந்ததா, வார்த்தையில் நிதானம் இருந்ததா, விசாரித்து எழுதினாரா. வழக்கறிஞர்களுக்காக உருவான பட்டியல்தான். ஆனால் தமிழ்ச் சினிமாக் குறிப்புகளில் பாதியை இந்த நான்காவது கேள்வி ஒன்றே விழுத்திவிடும்.

இந்தியப் பக்கத்தில் முக்கியமான தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து வந்தது, அதுவும் சிறைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையால். அதை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது சிறை அதிகாரிகள் தடுத்தார்கள். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: பொதுப்பதிவுகளில் இருக்கும் அளவுக்கு ஒருவரின் வாழ்க்கையை அவர் அனுமதி இல்லாமலே வெளியிடலாம். அதைத் தாண்டினால் அந்தரங்க உரிமையை மீறியதற்குப் பொறுப்பேற்க நேரிடும். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்களின் பெயருக்கு அங்கேயே விலக்கும் வைத்தது. இணையம் வீடுகளுக்கு வருமுன் எழுதப்பட்ட இந்தக் கோடு இன்றைக்கும் உபயோகமானது.

சாட்சி யார்?

விக்கிப்பீடியா உயிரோடு இருப்பவர்கள் பற்றிய கடுமையான நெறியை வகுத்தது ஓர் அவமானத்துக்குப் பிறகு. ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலைகளோடு தொடர்புபடுத்தி யாரோ 2005இல் எழுதிய பொய் நான்கு மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தது. அதன் பின் வந்த விதி, சான்றில்லாத பாதகமான வரியை விவாதிக்கக் காத்திராமல் உடனே நீக்கு என்பது. நல்ல விதி. ஆனால் சான்று என்றால் அச்சான, மூன்றாமவர் எழுதிய சான்று. தன் நாவலின் தோற்றம் பற்றிய பிழையைத் திருத்தப்போன பிலிப் ராத்துக்கே உங்கள் சொல் போதாது என்று சொல்லப்பட்டு, 2012இல் அவர் 'நியூயோர்க்கர்' தளத்தில் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டி வந்தது. எழுதியதும் அது சான்றாகிவிட்டது!

ராத்துக்கு நியூயோர்க்கர் இருந்தது. நமக்கு? யாழ் நூலகம் 1981இல் எரிந்தபோது 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் போயின. 1983 கலவரத்தில் படச்சுருள்களும் அழிந்தன. தமிழகத்தில் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் என்ற ஒற்றை மனிதர் சேர்த்து வைத்த விவரங்களின் மேல்தான் தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் நிற்கிறது. இலங்கைக்குத் தம்பிஐயா தேவதாசின் நூல். பாலு மகேந்திராவே 'வீடு', 'சந்தியா ராகம்' போன்ற தன் படங்களின் நெகட்டிவ் இல்லாமற் போனதைச் சொல்லிச் சொல்லி வருந்தினார். இப்படியான ஒரு சமூகத்திடம் அச்சுச் சான்று கேட்கும் விதி, ஏற்கெனவே அச்சில் இருந்தவர்களுக்கே சாதகமாக வேலை செய்கிறது. சென்னை வணிக இயக்குநருக்கு ஐம்பது சான்று, பாரிஸ் குறும்படக்காரருக்குக் கையேட்டின் மூன்று வரி.

இதற்காக விதியைத் தளர்த்தச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தளர்த்தினால் அந்த இடத்துக்கு வருவது வதந்தியும் "பன்முகக் கலைஞர்" வகைப் புகழுரையும்தான். யாழ்ப்பாணத்தவரான மயூரநாதன் 2003இல் தொடக்கிவைத்த தமிழ் விக்கிப்பீடியா திறந்த முறையில் வளர்ந்தது. ஜெயமோகன் முன்னெடுத்து 2022இல் தொடங்கிய தமிழ் விக்கி, ஆசிரியர் குழு பார்த்த பிறகே பதிவை முடிக்கிறது. ஒன்றில் யாரும் திருத்தலாம், மற்றதில் யார் பொறுப்பு என்று தெரியும். இரண்டுக்கும் தேவை இருக்கிறது. ஆனால் இரண்டு முறையாலும் இல்லாத ஆவணத்தை உண்டாக்க முடியாது.

ஆவணம் இருக்கிறது, இணையத்தில் இல்லை என்பதுதான் லாச்சப்பலின் நிலைமை. குறும்பட விழாக்களின் அழைப்பிதழ்கள், மண்டப வாடகைச் சீட்டுகள், நின்றுபோன புலம்பெயர் சிற்றிதழ்களில் வந்த நேர்காணல்கள், பூஞ்சணம் பிடிக்கும் வி.எச்.எஸ். நாடாக்கள் எல்லாம் அலுமாரிகளிலும் நிலவறைகளிலும் கிடக்கின்றன. வீடு மாறும்போதும் ஆள் இறக்கும்போதும் குப்பைக்குப் போகின்றன. 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டம் ஈழத்து ஏடுகளை எண்ணிமப்படுத்தி வைக்கிறது. உங்களிடம் அப்படி ஒரு தாள் இருந்தால் எறிவதற்கு முன் படியெடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். என்ன நிகழ்ச்சி, எந்த மண்டபம், எந்த ஆண்டு, யார் எடுத்த படம் என்று கூடவே எழுதுங்கள். நிச்சயமில்லாத ஆண்டுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.